சகலை வீட்டு வாசக்கால்

வேங்கை மரத்தின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு என் மாமனார் எங்கள் இருவரையும் பார்த்து நின்ற அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. அதன் வடக்கு வரப்பில் நின்ற மரம் அது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தால்தான் கை எட்டும். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் என் சகலை, இளையவளைக் கட்டியவன் நான். அந்த வருஷம் இரண்டு பேருமே வீடு கட்ட ஆரம்பித்திருந்தோம். அவர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், தன் கரும்புக் கொல்லையை ஒட்டி. நான் சங்கராபுரத்தில், மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டதால். மரம் ஒரு வீட்டுக்குத்தான் காணும். "மாப்ள, ரெண்டு பேரும் பேசிச் சொல்லிடுங்க. ஆருக்கு வெட்டட்டும்?" என்றார் மாமனார்.

பேசுவதற்கே இடம் வைக்கவில்லை சகலை. "தம்பிக்கே குடுத்துடுங்க மாமா. நான் பனங்கை கினங்கை போட்டுக்கினு ஒப்பேத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு. மாமனார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையை அவர் ஒருநாளும் என் பக்கம் திருப்பியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மரம் எனக்கு வேண்டும். அந்த மரத்தை மனத்திலேயே அறுத்து, உத்திரம், கைமரம், வாசக்கால் என்று இரண்டு வருஷமாகப் பங்கு போட்டு வைத்திருந்தவன் நான். ஆனால் அதைச் சகலை விட்டுக்கொடுத்து நான் வாங்குவதா? வீட்டுக்கு வருகிறவன் எல்லாம் உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரிய மருமகன் விட்டுக்கொடுத்த மரமல்லவா என்று சொல்லிக்கொண்டிருப்பான். "எனக்கு மரம் வேணாம் மாமா. நான் இரும்புல கட்டப்போறேன்" என்றேன். அந்த நொடி வரைக்கும் இரும்பைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

சகலையைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்க்க ஒன்றும் பெரிய ஆள் இல்லை. கட்டை உருவம், முன்பல் இரண்டும் வெற்றிலைக் காவி. படிப்பு ஐந்தாவதோடு சரி. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அரசாங்க உத்தியோகம். முழுக்கைச் சட்டை போட்டு, கையில் கடிகாரம் கட்டியவன். மாமனார் வீட்டில் எனக்குத்தான் நாற்காலி போடுவார்கள். அவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மாமியார், சமையலுக்கு உதவ வந்த பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரும் அவரைச் சுற்றித் தரையில் இருப்பார்கள். நான் நாற்காலியில் தனியாக இருப்பேன். என் மனைவி கூட, "மாமா, அந்தக் கத சொல்லுங்க" என்று அவர் பக்கம் நகர்ந்து உட்காருவாள். அவர் சொல்கிற கதைகளை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் சிரிப்பு வருகிற கதைகள் இல்லை.

வீம்பில் ஆரம்பித்த வேலையை முடித்தாக வேண்டும். கள்ளக்குறிச்சியில் அப்போது ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் கொட்டகைகளும் குடோன்களும் போட்டுக்கொண்டிருந்தார். குடியிருக்கிற வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டவன் நான்தான் முதல். "வூடா? மில்லு எதுனா போடப்போறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாலு மூலைக்கும் நடுவிலும் இரும்புத் தூண், தூணுக்குத் தூண் கர்டர், அதன் மேல் ஆங்கிளை முக்கோணமாக வெட்டி ஒட்டிய டிரஸ், அதற்கு மேல் சிமென்ட் ஷீட்டு. தூண்களுக்கு நடுவில் செங்கல் சுவர். நாற்பது நாளில் கூடு நின்றுவிட்டது. சங்கராபுரத்தில் ஜனங்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரும்பு நல்ல பொருள்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். செல்லு என்கிற கரையான் அரிக்காது, வளையாது, ஆசாரிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அதைப் போய் நான் எந்தக் காரணத்துக்காகத் தேடிப்பிடித்தேன் என்பதுதான் கோளாறு.

வாசக்காலும் இரும்பில்தான் செய்தேன். வைத்தால் எல்லாவற்றையும் இரும்பில் வைக்க வேண்டும் என்று ஒரு ரோசம். எங்கள் பக்கத்தில் வாசக்கால் வைப்பது கல்யாணத்துக்குச் சமம். நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, கீழே நவதானியம் போட்டு, சுமங்கலிகள் ஐந்து பேர் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து நிறுத்துவார்கள். அதில் முக்கியமான ஒன்று, மரம் நின்ற திசையிலேயே கால் நிற்கவேண்டும். மரத்தின் அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக நட்டால் அந்த வீட்டில் குடும்பம் விளங்காது என்பார்கள். இதைப் படித்தவன் படிக்காதவன் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். என் வீட்டில் கொத்தனார் இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், இதுல எது அடி, எது நுனி?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. "இரும்புக்கு ஏதுடா தல, ஏது கால்? எப்டி வச்சாலும் ஒண்ணுதான்" என்று யாரோ பதில் சொன்னார்கள். சகலையும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் என்றாலும் சிரித்தார். மஞ்சள் தண்ணீர் பட்ட இடத்தில் மூன்றே மாதத்தில் துரு கிளம்பியது தனிக் கதை.

மரம் சகலைக்குப் போனது. பட்டா நிலத்து மரம் என்றாலும் வெட்ட அனுமதி வாங்கவேண்டும். அதற்கு அவரே அலைந்தார். மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் மரத்தைச் சாய்த்து, அங்கேயே வைத்து அறுத்தார்கள். அறுக்க அறுக்க ரத்தம் போல் பால் வடிந்தது. துண்டுகளின் அடிப்பக்கத்தில் காவிக்கல்லால் ஒரு கோடு இழுத்து வைத்தார்கள். மரத்தை மணலூர்பேட்டைக்கு மாட்டுவண்டியில் ஏற்றிப் போனபோது நானும் கூடப் போனேன். நானாகப் போகவில்லை. "அக்கா வூட்டு வேலைக்கு நீங்க ஒரு நாள் கூட வரமாட்டீங்களா?" என்று என் மனைவி மூக்கைச் சிந்தியதால் போனேன். வண்டியின் பின்னால் நடந்தபோது எதிரே தெரிந்தது வாசக்காலுக்கு என்று ஒதுக்கிய துண்டு. கணுவே இல்லாத மரம், கயிறு பிடித்து வரைந்த மாதிரி நேராக ஓடிய ரேகை. அதன் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வழி நெடுக அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், வேறு எதையும் பார்க்க எனக்கு மனம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு உட்கார்ந்த ஆசாரிக்குக் கண்ணில் புரை. மழையில் காவிக்கோடு அழிந்துபோயிருந்தது. ஒரு காலில் கணு இருந்தது, தடவிப் பார்த்தே அடி எது என்று சொல்லிவிட்டார். இன்னொன்றில் விரலை இப்படியும் அப்படியும் ஓட்டிவிட்டு, "கணு இருந்தா சொல்லிடுவேன். இது வழவழன்னு கீது" என்று தலையைச் சொறிந்தார். சகலை எங்கேயோ ஆணி வாங்கப் போயிருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாமனாரோடு நானும் மனைவியும் வந்திருந்தோம். மாமனார் பின்பக்கம் கிணற்றடியில் இருந்தார். "சார், நீங்கதான வண்டி கூட வந்தீங்க? எது அடி, சொல்லுங்க" என்று ஆசாரி என்னைக் கேட்டார். வெடிப்பு எனக்கு நேராகத் தெரிந்தது. கொத்தனார் கேட்ட கேள்வியும், எழுந்த சிரிப்பும், பொத்திய வாயும் ஞாபகத்துக்கு வந்தன. நான் வெடிப்பு இல்லாத பக்கத்தைக் காட்டி, "இதுதான் அடி" என்றேன். ஆசாரி உடனே அளவு போட்டு உளியை எடுத்தார். அடுத்த அரை மணியில் துளை அடித்து முடித்துவிட்டார். அந்த அரை மணியும் நான் மரச்சீவலைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

வாசக்கால் வைத்த அன்றைக்கு நான் முன்வரிசையில் நின்றேன். வலப்பக்கத்துக் கால் தலைகீழாக ஏறி நின்றது. ஐந்து சுமங்கலிகள் அதற்கு மஞ்சள் தடவினார்கள், அதில் என் மனைவியும் ஒருத்தி. மாமனார் வாசக்காலைக் கும்பிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. "எங்கப்பா கை வச்ச மரம் மாப்ள" என்று சகலையின் தோளைத் தொட்டுச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நில்லு, நில்லு, எத்தனை நாளைக்கு நிற்கிறாய் பார்க்கிறேன் என்றுதான் அந்தக் காலைப் பார்த்து மனத்துக்குள் சொன்னேன்.

பிறகு காத்திருந்தேன். ஏதாவது ஆகவேண்டும் என்றும் இருந்தது, ஆகிவிடக் கூடாது என்றும் இருந்தது. மணலூர்பேட்டையிலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்த வீட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். கரும்பு அந்த வருஷம் நன்றாக விளைந்தது. அடுத்த வருஷமும். ஒரு மழைக்காலத்தில் புயல் அடித்து என் வீட்டு ஷீட்டில் இரண்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் போட்டது. அவர் வீட்டில் பத்துப் பதினைந்து ஓடு சரிந்ததோடு சரி. பின்கட்டுக் கைமரத்தில் செல்லு ஏறிவிட்டது என்று ஒரு தடவை கேள்விப்பட்டபோது, நானே மருந்துப் பொடி வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பார்த்தால் அது வேங்கை இல்லை. வேங்கை போதாமல் போட்ட ஏதோ சில்லறை மரம். "நீ எதுக்கு சகல இம்மாந்தூரம் அலையுற?" என்று கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்பினார். பஸ்ஸில் திரும்பி வந்தபோது எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாவது வருஷம் அண்ணிக்கு, அதாவது என் மனைவியின் அக்காவுக்கு, டைபாய்டு வந்தது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். நாலைந்து நாள் பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாத நிலை. எனக்கு மட்டும் அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியும் என்று நினைத்தேன். தண்ணீரில் வருகிற நோய் என்று கம்பவுண்டருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் கம்பவுண்டர் இல்லை. லீவு போட்டுவிட்டு தினமும் போனேன். மருந்து வாங்கினேன், இளநீர் சுமந்தேன், ஒரு சாயங்காலம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். "தங்கச்சி வூட்டுக்காரன்னா இப்டி இருக்கணும்" என்று பக்கத்துக் கட்டிலுக்காரிகள் பேசிக்கொண்டார்கள். சகலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னை வெகுநேரம் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கவேண்டும். உதடு வரைக்கும் வந்தது. அண்ணி பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததும் சொல்ல வேண்டிய அவசரம் போய்விட்டது, எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

அவரிடம் எனக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம் அவருடைய பாசம். வீடு கட்டிய வருஷத்திலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பொங்கலுக்கு வரமாட்டார், தீபாவளிக்கு வரமாட்டார். அக்கினி வெயில் தலையைப் பிளக்கிற நேரத்தில், பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். பையில் நுங்கோ மாம்பழமோ இருக்கும். ஷீட்டு வீடு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். கர்டரைத் தொட்டால் சுடும். டிரஸ் சூட்டில் விரிந்து டக் டக் என்று சத்தம் போடும். நான் பனியனும் ஈரத்துண்டுமாக வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பேன். அவர் சுவர் ஓரமாகச் சாய்ந்துகொண்டு, வெற்றிலை போட்டபடி, நாலு மணி வரை என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். வெயில் தணிந்ததும் கிளம்பிவிடுவார். "இந்த வெயில்ல யாரு வருவாங்க, மாமாவுக்கு நம்ம மேல எவ்ளோ ஆச பாருங்க" என்பாள் மனைவி. எனக்கு இப்படி ஒருவர் மேல் ஆசை வைக்கத் தெரியவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மாமனார், மாமியார் காலமெல்லாம் முடிந்து, நானும் ஓய்வு பெற்று, எங்கள் இருவருக்கும் தலை வெளுத்துப்போன பிறகு ஒரு சித்திரையில் வந்தவர், படி ஏறவே சிரமப்பட்டார். சர்க்கரை வியாதியில் கால் வீங்கியிருந்தது. இந்த ஆள் அடுத்த சித்திரைக்கு இருப்பாரா என்று எனக்குத் திக்கென்றது. மனைவி மோர் கொடுத்துவிட்டு உள்ளே போனதும், "உங்க வூட்டு வாசக்கால் இருக்குதே சகல, அதுல வலப்பக்கத்துக் கால்..." என்று ஆரம்பித்தேன்.

"தலைகீழா நிக்குது. அதுக்கு இன்னா இப்போ?" என்றார் அவர்.

அவர் மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் மேலே சொன்னார். "வண்டில நான் எது மேல குந்திக்கினு வந்தேன்? அந்த மரத்து மேலதான். அடியில வெடிப்பு. எறங்கறப்ப அதுல வேட்டி மாட்டிக்கினு கிழிஞ்சி போச்சி. புது வேட்டி. ஆணி வாங்கிக்கினு வந்து பாத்தா வெடிப்பு மேல இருக்குது, ஆசாரி தூளு வச்சி அடச்சிக்கினு கீறான். ஆரு சொன்னதுன்னு கேட்டேன். நீன்னான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"தொளை அடிச்சி முடிச்சாச்சி. வேற மரம் ஏது? அதுவும் இல்லாம மாமா கெணத்தாண்ட நிக்கறாரு, உன் பொண்டாட்டி நிக்கறா. சொன்னா உன் மூஞ்சி இன்னா ஆவும்? வுட்டுட்டேன்." பிறகு ஞாபகம் வந்தவராகச் சிரித்தார். "பயம் இல்லாமயா? ஆடி, தை வெள்ளில ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் காலுக்கு மட்டும் மேல மஞ்ச தடவுவேன். அதோட பாதம் மேலதான கீது. உங்க அண்ணி எதுக்குன்னு கேட்டா பூச்சி வராதுன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது நன்றி இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நான் தூக்கிச் சுமந்த ஒரே குற்றத்தையும் இந்த மனுஷன் எப்போதோ மன்னித்து மடித்துவைத்துவிட்டார். கெட்டவனாக இருப்பதில் கூட நான் தனியாக ஒன்றும் சாதிக்கவில்லை. இதிலும் அவர் முந்திக்கொண்டார். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நான் ரொம்ப நல்லவன்னு நெனச்சிக்காத சகல" என்றார். "மூணு வருசம் உன்னப் பாத்தாலே எரியும் எனக்கு. ஆஸ்பத்திரில நீ அழுத பாரு, அன்னிக்குத்தான் கோவம் போச்சி." வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "கோவந்தான் போச்சி. ஆனா சித்திரைல வர்றத நிறுத்த முடியல."

எனக்குப் புரியவில்லை.

"முத வருசம் சும்மாதான் வந்தேன். நீ இந்த ஷீட்டுக்குக் கீழ வேர்த்து ஊத்திக்கினு, 'இரும்பு மாரி வராது சகல'ன்னு சொல்லிக்கினு குந்திக்கினு இருந்த. வூட்டுக்குப் போற வரைக்கும் பஸ்ல சிரிச்சிக்கினே போனேன். அதுக்கப்புறம் வருசா வருசம் கத்தரி எப்ப வரும்னு பாத்துக்கினு இருப்பேன். ஒரு வருசம் வுட்டிருப்பேனா? நீ வேர்க்கறத பாக்கத்தான்யா வந்தேன்."

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரிந்த அந்த மனுஷர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். தரையில் உட்கார்ந்து எல்லாரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்ட மனிதருக்கு, நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வருஷத்துக்கு ஒரு நாள் சந்தோஷப்பட வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. நான் எழுந்துபோய்த் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினேன்.

"இன்னா சகல, எதுக்கு ஃபேன ஆஃப் பண்ணிட்ட?"

"நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டத் தொடங்கியது. அவருக்கும்தான் வேர்த்தது. நாலு மணி வரைக்கும் இருந்தார்.

அடுத்த பங்குனியில் போய்விட்டார், சித்திரை பிறக்கப் பத்து நாள் இருந்தது. மணலூர்பேட்டையில் அந்த வாசலில் அவரை எடுத்துவைத்தபோது கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. எனக்கு இதில் பாதியாவது வருமா என்று அந்தத் துக்கத்திலும் எண்ணிப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்தால் சிரித்திருப்பார். என் மகன் ஷீட்டுக்குக் கீழே சீலிங் அடித்து ஏசி மாட்டிக் கொடுத்திருக்கிறான். கத்தரி வெயில் நாளில், பன்னிரண்டு மணி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் நான் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்துத் தரையில் உட்காருகிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மனைவி திட்டுகிறாள். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. நன்றாகவே வேர்க்கிறது. பார்த்துச் சந்தோஷப்படத்தான் ஆளில்லை.